கரும்பு டிராக்டரில் இரட்டை டிரெய்லர்: ஓட்டுநரின் உரிமத்தைப் பார்த்தீர்களா?

சென்ற அரவைப் பருவத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் யார்டில் இரண்டு இரவுகள் தங்க வேண்டியிருந்தது. வெட்டிய கரும்பு எடைமேடைக்குப் போகும்வரை காத்திருக்கிற நேரத்தில் சாறு எவ்வளவு கெடுகிறது என்று பார்க்க மாதிரி எடுக்கும் வேலை. நல்ல பனி. டிராக்டர்கள் வரிசையாக நின்றன. பாதிக்கும் மேல் இரண்டு டிரெய்லர் மாட்டியவை. ஒரு டிராக்டரின் பின் டிரெய்லருக்கு அடியில் சோகையை விரித்து ஓர் இளைஞர் படுத்திருந்தார். கட்டு எடுக்கக் கேட்டதும் எழுந்து வந்து உதவினார். முந்தின நாள் மதியம் தோட்டத்திலிருந்து கிளம்பியவர், 30 மணி நேரமாகச் சரியாகத் தூங்கவில்லை. எடை போட்டு இறக்கியதும் அடுத்த நடைக்குக் கிளம்ப வேண்டும் என்றார்.

பேச்சுவாக்கில், "லைசென்ஸ் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"இருக்கு சார்" என்று கைபேசியை எடுத்துக் காட்டினார். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான உரிமம்.

"டிராக்டருக்கு?"

"டிராக்டருக்குத் தனியா வேணுமா சார்? பதினாலு வயசுலேர்ந்து ஓட்டுறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. வண்டியை அவர் யார்டுக்குள் வளைத்துக் கொண்டுவந்து நிறுத்திய லாவகத்தை நானே பார்த்தேன். எனக்கு உறுத்தியது வேறு. அந்த வண்டி ஆலைக்குள் வரும்போது கட்டிங் ஆர்டரைப் பார்த்தார்கள். வண்டி எண்ணைக் குறித்தார்கள். எந்தக் கோட்டம், எந்த ரகம், நடவா கட்டையா என்று கேட்டார்கள். அவரிடம் உரிமத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. வண்டியின் சொந்தக்காரரும் கேட்டதில்லை. மாதிரி எடுக்க வருடா வருடம் யார்டுக்குப் போகிற நானும் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

உழவர்கள் படிக்கிற பக்கத்தில் ஓட்டுநர் உரிமம் எதற்கு என்று தோன்றலாம். கரும்பு, நெல், மரவள்ளி, மக்காச்சோளம் எதுவானாலும் வயலிலிருந்து விற்கிற இடத்துக்குப் போகிற வழியில் ஒரு விபத்து நடந்தால், அந்தப் பருவத்து வருமானம் மட்டும் போவதில்லை, சில நேரம் நிலமே போகிறது. அப்படிப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிராக்டர் என்பது தானே சுமை ஏற்றாத ஒரு மோட்டார் வாகனம். டிரெய்லர் என்பது மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவது. வெறும் எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டர் 'இலகுரக மோட்டார் வாகனம்', அதாவது எல்.எம்.வி. வகையில் வருகிறது. நம் ஊரில் ஓடுகிற டிராக்டர்கள் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை டன்தான். ஆகவே டிராக்டர் ஓட்டக் குறைந்தபட்சம் எல்.எம்.வி. உரிமமோ, டிராக்டர் என்று குறிப்பிட்ட உரிமமோ வேண்டும். இரு சக்கர வாகன உரிமம் செல்லாது. அதை வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுபவர் சட்டத்தின் கண்ணில் உரிமமே இல்லாதவர்தான்.

வயது 18 முடிந்திருக்க வேண்டும். சட்டம் 'போக்குவரத்து வாகனம்' என்று வகைப்படுத்தும் வண்டிகளுக்கு 20. முதலில் பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். 40 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவச் சான்று வைக்க வேண்டும். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. பள்ளிக்கூடம் பாதியில் விட்டவர்கள் இன்னமும் அதை நினைத்து ஆர்.டி.ஓ. அலுவலகப் பக்கமே போகாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

டிராக்டர் உரிமம் உள்ளவர் டிரெய்லரை மாட்டினால் வேறு உரிமம் வேண்டுமா? இது பல வருடம் நீதிமன்றங்களில் இழுபட்ட கேள்வி. டிராக்டர் ஓட்டச் செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர், பின்னால் டிரெய்லர் மாட்டியதாலேயே உரிமமற்றவர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் நாகஷெட்டி வழக்கில் சொன்னது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. உரிமத்தோடு ஓட்டலாம், தனிக் குறிப்பு தேவையில்லை என்று 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் தீர்ப்பானது. அதை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எதிர்த்தன. கடைசியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ம் தேதி ரம்பா தேவி வழக்கில் அதையே உறுதிசெய்தது. சாதாரண எல்.எம்.வி. உரிமம் வைத்திருக்கும் டிராக்டர்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்.எம்.வி. வரம்பைக் கணக்கிடும்போது டிராக்டருக்கு வெறும் எடையைப் பார்க்கிறார்கள், போக்குவரத்து வாகனத்துக்குச் சுமையோடு சேர்ந்த மொத்த எடையைப் பார்க்கிறார்கள். வாடகைக்குக் கரும்பு இழுக்கிற வண்டியில் விபத்து நடந்தால், இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட இடம் இருக்கிறது. சொந்தக் கரும்பை மட்டும் ஏற்றுகிறவருக்கு எல்.எம்.வி. போதும். பருவம் முழுக்க ஊர்க் கரும்பை வாடகைக்கு இழுப்பதே தொழில் என்றால், ஓட்டுநருக்குப் போக்குவரத்து வாகன உரிமமும் எடுத்து வைத்துவிடுவது நல்லது. இது என் யோசனை. செலவு பெரிதில்லை, அலைச்சல்தான் கொஞ்சம். அதற்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல் உண்டு.

காலாவதி விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். முன்பு உரிமம் முடிந்தபிறகும் 30 நாள் செல்லும் என்ற சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. முடிந்த நாளோடு முடிந்தது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

இரண்டு டிரெய்லர் மாட்டினால் என்ன கூடுதல் உரிமம்? நம் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒரு டிரெய்லர் இழுக்கிறவருக்கும் இரண்டு இழுக்கிறவருக்கும் அதே உரிமம், அதே தேர்வு. இரண்டு மாட்டலாம் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. இழுக்கும் வண்டியின் பதிவு எண் வரிசையில் கடைசி டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்று 61-ம் பிரிவு சொல்கிறது. கரும்பின் தோகை தொங்கி அந்த எண் பலகையும் விளக்கும் மறைந்துபோன வண்டிகளைத்தான் நாம் தினம் பார்க்கிறோம். ஆனால் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாரா என்று ஓட்டுநரிடம் கேட்க எந்தத் தேர்வும் இல்லை. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு 2021-ல் வந்த விதிகள் இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரத்தில் 29 மணி நேரமும் கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரமும் பயிற்சி என்று வைத்திருக்கின்றன. காரிலும் லாரியிலும் பழகுகிற அந்தப் பயிற்சி, கரும்பு ஏற்றிய இரட்டை டிரெய்லரை இறக்கத்தில் எப்படி இறக்குவது என்று கற்றுத்தராது.

சொந்தக்காரர் கழுத்துக்கு வரும் கத்தி

உரிமம் இல்லாதவர் ஓட்டினால் அவருக்குத்தானே அபராதம் என்று நினைக்க வேண்டாம். உரிமம் இல்லாதவரையோ வயது வராதவரையோ ஓட்ட விடக்கூடாது என்று வாகனச் சொந்தக்காரருக்கே 5-ம் பிரிவு கட்டளையிடுகிறது. மீறினால் 180-ம் பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியவருக்கு 181-ல் தனியாக. ஓட்டியது 18 வயது ஆகாத பையன் என்றால் 199ஏ பிரிவு வருகிறது. பெற்றோருக்கோ சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. லீவு நாளில் மகனை டிராக்டரில் ஏற்றி அனுப்பும் அப்பாக்கள் இந்தப் பிரிவை ஒருமுறை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அபராதம் சிறிய விஷயம். இன்சூரன்ஸ்தான் பெரியது. முன்னே சொன்ன குடும்பத்துக்கு வருகிறேன். இரண்டரை ஏக்கர்க்காரர், கடனில் வாங்கிய டிராக்டர், இரண்டு டிரெய்லர். ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் மேட்டில் பின் டிரெய்லரின் கொக்கிப் பின் எகிறி, டிரெய்லர் பின்னோக்கி உருண்டது. பின்னால் இரு சக்கர வண்டியில் வந்தவருக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. டிராக்டரை ஓட்டிய பங்காளி மகனின் உரிமம் காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. டிரெய்லருக்கு இன்சூரன்ஸ் போடவே இல்லை. டிராக்டருக்குப் போட்டது விவசாய உபயோகத்துக்கு மட்டும். அன்று ஏற்றியிருந்தது வாடகைக் கரும்பு. ஒன்றல்ல, மூன்று ஓட்டை. தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தைச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உரிமை கொடுத்தது. 'முதலில் கொடு, பிறகு வசூல் செய்' என்று இதைச் சொல்வார்கள். ஒரு ஏக்கர் போய்விட்டது. கால் போனவருக்கும் இழப்பீடு கையில் வர வருடங்கள் ஆயின.

இது அபூர்வமான கதை இல்லை. செங்கல் சூளைக்கு மண் எடுக்கப் போன டிராக்டர் டிராலியில் ஒரு தொழிலாளிக்கு அடிபட்ட வழக்கு 2007-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. டிராலிக்குக் காப்பீடு இல்லை, டிராக்டர் காப்பீடு விவசாயத்துக்கு மட்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று சொன்ன நீதிமன்றம், தொழிலாளியின் நிலையைப் பார்த்து, பணத்தைக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது.

டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்து வருகிறவர், கரும்புக் கட்டின் மேல் படுத்து வருகிற வெட்டு ஆள், இவர்களுக்குப் பாலிசியில் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால் ஒழிய காப்பு இருப்பதாக நம்ப வேண்டாம். டிரெய்லர் ஒவ்வொன்றுக்கும் பதிவும் காப்பீடும் தனித்தனி. முதல் டிரெய்லருக்குப் போட்டது இரண்டாவதுக்குச் சேராது.

16 டன்னை நிறுத்துவது யார்?

நான் இயந்திரப் பொறியாளன் இல்லை, பயிரியல்காரன். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க அது தடையில்லை. டிராக்டர் 2 டன். அதில் பின் சக்கரங்கள் மேல் நிற்பது சுமார் 1.3 டன். பிரேக் பிடிப்பது அந்தப் பின் சக்கரங்களில் மட்டும்தான். நம் பகுதி டிரெய்லர்களில் பிரேக் இருப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கரும்போடு ஒவ்வொரு டிரெய்லரும் 7 டன் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 டன். காய்ந்த தார் ரோடு, நல்ல டயர்.

டிரெய்லர் இல்லாத டிராக்டர் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இரண்டு டிரெய்லரோடு அதே வேகத்தில் சுமார் 51 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 23 மீட்டர். 40 என்றால் 92 மீட்டர். கால் பிரேக்குக்குப் போகிற நேரத்தில் ஓடுகிற தூரம் இதில் சேரவில்லை. 100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்குகிற சாதாரண சரிவில் அந்த 51 மீட்டர் 90-ஐத் தாண்டுகிறது. 100-க்கு 7 மீட்டர் இறங்கும் சரிவில் என் கணக்குப்படி வண்டி நிற்பதே இல்லை, பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும். பதினான்கு டன் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னால் இருக்கும் இரண்டு டன்னால் அதைப் பிடித்து வைக்க முடியாது. ஈரச் சாலையானால் எல்லாமே இன்னும் மோசம்.

இதைத் தெரிந்த ஓட்டுநர் இறக்கத்தின் தலைப்பிலேயே கியரைக் குறைத்துவிடுவார். பாதி இறக்கத்தில் மாற்ற முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும், அதன்பிறகு கடவுள்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருக்கிறதே, அதற்கு ஒரு லிட்டருக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்று ஒருவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

டிராக்டரில் வலது, இடது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல் இருப்பது உழவில் திரும்புவதற்காக. சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட்டே ஆக வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் சுழலும், டிரெய்லர் அதன்மேல் ஏறும். வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில் இறங்கி அந்தப் பூட்டைப் போடுகிறவர் எத்தனை பேர்? சில வண்டிகளில் பூட்டே உடைந்து காணாமல் போயிருக்கிறது.

இழுவை எப்போதும் கீழே உள்ள கொக்கியிலிருந்துதான் இருக்க வேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால் மேட்டில் முன் சக்கரம் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகிறது என்று ஓட்டுநர் சொன்னால் முன்பக்க எடைக் கட்டைகள் போதவில்லை என்று பொருள். இரண்டு சக்கர டிரெய்லர் தன் எடையில் கொஞ்சத்தை டிராக்டரின் மேல் சாய்க்கிறது, அதனால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பாவது கூடும். நான்கு சக்கர டிரெய்லர் அதையும் கொடுப்பதில்லை. இரண்டு டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதோ, அனுபவசாலிகளுக்கே முடியாத காரியம். போகிற வழியில் திரும்ப இடம் இருக்கிறதா என்று முன்னமே பார்த்து வைப்பது ஒன்றே வழி. இல்லையென்றால் கழற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

வளைவில் முன் டிரெய்லர் போகிற தடத்தில் பின் டிரெய்லர் போகாது, உள்பக்கம் வெட்டும். டிராக்டரைச் சட்டென்று ஒடித்தால் அந்த ஆட்டம் முன் டிரெய்லரைவிடப் பின் டிரெய்லரில் பெரிதாகும். நாயைத் தவிர்க்க ஒடித்து, கடைசி டிரெய்லர் கவிழ்ந்த கதைகள் எல்லாக் கரும்புப் பகுதியிலும் உண்டு.

நீளமான வண்டிகளின் ஊரில்

ஆஸ்திரேலியாவில் கோதுமையும் மாடுகளும் 'ரோடு டிரெயின்' எனப்படும் பல டிரெய்லர் லாரிகளில் போகின்றன. பெரியவை 53.5 மீட்டர் நீளம் வரை வரும். அதை ஓட்ட 'மல்டி காம்பினேஷன்' என்று தனி உரிமம். கார் உரிமத்திலிருந்து நேராக அங்கே தாவ முடியாது. முதலில் கனரக லாரி உரிமம், அதில் குறைந்தது ஒரு வருடம் இருந்த பிறகே இதற்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் இரண்டு, மூன்று டிரெய்லருக்கு வணிக உரிமத்தின்மேல் தனி எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். சொந்தப் பண்ணை விளைச்சலைக் குறிப்பிட்ட தூரத்துக்குள் ஏற்றும் விவசாயிக்கு வணிக உரிமத்திலிருந்து அங்கே விலக்கும் இருக்கிறது. விவசாயியை அலைக்கழிக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கும் உண்டு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆஸ்திரேலியச் சட்டத்தின் இன்னொரு பகுதி. விபத்தோ விதிமீறலோ நடந்தால் ஓட்டுநரோடு நிறுத்திக்கொள்வதில்லை. சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், நேரம் குறித்தவர், வாங்குபவர் எல்லோரையும் ஒரே சங்கிலியாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன் அளவில் பாதுகாப்புக் கடமை உண்டு என்று 2018 அக்டோபரில் அதை இன்னும் இறுக்கினார்கள். ஓட்டுநர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வண்டி நிற்கிற நிலையில் தொடர்ந்து 7 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது அங்கே கனரக லாரிக்கான பொது விதி. நடக்கவே முடியாத நேரத்தைக் குறித்து ஓட்டுநரை விரட்டினால், குறித்தவரும் குற்றவாளி.

சோகை மேல் படுத்திருந்த அந்த இளைஞரை இங்கே வைத்துப் பார்த்தேன். அவரைத் தூங்க விடாதது எது? அதில் என் துறைக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் மேடை போட்டுச் சொல்பவர்கள் நாங்கள்தான். சொல்வது சரிதான். வெட்டியதும் கரும்பிலுள்ள இன்வர்டேஸ் நொதி சர்க்கரையை உடைக்கத் தொடங்கும், வெட்டு வாயில் பாக்டீரியா ஏறும், ஈரம் காய்ந்து எடை குறையும். எடைதான் விவசாயியின் பணம். ஆகவே எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஆனால் அந்த அவசரத்தில் மிச்சமாகிற நேரம் யார்டில் 15 மணி நேரம் காத்திருப்பதில் போய்விடுகிறது. வெட்டு ஆட்கள் கிடைத்த அன்று ஒரே கோட்டத்தில் பத்துப் பேர் வெட்டுகிறார்கள், எல்லா வண்டியும் ஒரே இரவில் வந்து சேர்கிறது. சாறும் கெடுகிறது, ஓட்டுநரும் கெடுகிறார்.

கட்டிங் ஆர்டரை நாள் வாரியாக மட்டும் கொடுக்காமல், வண்டி யார்டுக்கு வந்து சேர வேண்டிய நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு பிரச்சினையும் குறையும். கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி போதும். காத்திருக்க நேர்ந்தால் கரும்பைச் சோகையால் மூடி தண்ணீர் தெளித்து வையுங்கள், இழப்பு குறையும். ஓட்டுநருக்கு ஒரு கூரையும் படுக்க இடமும் ஆலை யார்டில் வேண்டும். இந்தக் கோரிக்கையை அடுத்த முறை கரும்பு விவசாயிகள் கூட்டத்தில் விலையோடு சேர்த்து வையுங்கள்.

பருவம் தொடங்கும் முன்

ஓட்டுநரின் உரிம எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் பரிவாகன் இணையதளத்தில் அது உயிரோடு இருக்கிறதா, எந்த வாகனத்துக்கு, எந்தத் தேதிவரை என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பொதுச் சேவை மையத்திலும் பார்த்துச் சொல்வார்கள். பார்த்ததை அச்செடுத்து டிராக்டர் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தாலும் பொறுப்பு பதிவுச் சான்றில் பெயர் உள்ளவருக்குத்தான். "மேஸ்திரி பார்த்துக்குவார்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

பாலிசியைப் பிரித்து, உபயோகம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவதென்றால் அதைச் சொல்லித்தான் பாலிசி எடுக்க வேண்டும். கூடுதல் பிரீமியத்துக்குத் தயங்கிச் சொல்லாமல் விடுவதுதான் பின்னால் ஓட்டையாகிறது.

டிராக்டர் ஓட்டவும் பராமரிக்கவும் முறையாகப் பயிற்சி தரும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் தென்னகத்துக்கு ஆந்திராவில் அனந்தபுரம் அருகே கார்லதின்னேயில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிற்சி எப்போது என்று கேட்டு வையுங்கள். போதிய பேர் சேர்ந்து கேட்டால்தான் வகுப்பு நடக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரவை தொடங்கும் வாரத்தில் ஆலை யார்டிலேயே ஒரு நாள் முகாம் போடலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர், வேளாண் பொறியாளர் ஒருவர், எல்.எல்.ஆர். விண்ணப்பிக்க ஒரு கணினி. காலையில் உரிமம் சரிபார்ப்பு, மாலையில் கொக்கி, பின், பாதுகாப்புச் சங்கிலி, பிரேக் பூட்டு, கடைசி டிரெய்லருக்கு விளக்குக் கம்பி இவற்றைச் சோதிப்பது. ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. கரும்பு ஏற்றிய பிறகும் தெரிகிற உயரத்தில் ஒட்டினால்தான் பயன். பின்பலகையில் ஒட்டிவிட்டுத் தோகையால் மூடுகிறோம். வெறும் டிரெய்லரில் ஒட்டாமல், ஏற்றிய டிரெய்லரை 50 மீட்டர் தள்ளி நின்று இரவில் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள்.

அந்த இளைஞருக்கு எல்.எல்.ஆர். எடுக்க வைத்தோம். தேர்வில் முதல் முறை தோற்றார். டிராக்டரில் பத்து வருடம் ஓட்டியவருக்குச் சாலைக் குறியீடுகளில் பாதி தெரியவில்லை, சிக்னல் காட்டும் பழக்கமும் இல்லை. இரண்டாம் முறை தேறினார். போன மாதம் தொலைபேசியில் பேசியபோது சொன்னார்: "இறக்கத்துக்கு முன்னாடியே கியரைக் கொறச்சிடுறேன் சார். மொதலாளி, ஏன்டா லேட்டுன்னு கேக்குறாரு. அவருகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."